பேரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்: பழைய அமெரிக்கக் குடும்பத்தின் வேரைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பேரனுக்குப் பள்ளியில் கொடிவழி வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தை நான் வாயாலேயே ஐந்து தலைமுறைக்குச் சொல்லிவிட்டேன். மருமகள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெண். அவள் பக்கத்துக்கு அவளிடம் இருந்தது ஒரே வரிதான்: “நாங்கள் ரொம்பப் பழைய குடும்பம், டெடம் பக்கம் என்று பாட்டி சொல்வார்.” முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களோடு இருந்தவன் நான். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. இரண்டு வருடத்தில் அவள் குடும்பத்தின் ஒரு கிளையை 1600களின் நடுப்பகுதி வரை, ஒவ்வொரு படிக்கும் ஒரு தாளைக் காட்டி, கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அந்த வேலையில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் இன்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் இன்னொரு பாதி வரலாறும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நான் பழகியது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்கள், அதிலும் மாசசூசெட்ஸ். அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்பு, நிலம், உயில் இவற்றுக்கு நாடு முழுவதற்குமான ஒரே அலுவலகம் அமெரிக்காவில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எல்லாம் டவுனிலும் (நம் ஊராட்சி மாதிரி), பல டவுன்கள் சேர்ந்த கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) கிடக்கிறது. ஊர் தெரியாமல் பேரை மட்டும் வைத்துத் தேடினால் அதே பேரில் நூறு பேர் வந்து நிற்பார்கள்.

படி 1: 1850 வரை சென்சஸ் பிடித்துப் போங்கள்

உயிரோடு இருப்பவர்களிடமிருந்து தொடங்கி, ஒரு தலைமுறை உறுதியான பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். “மேஃப்ளவர் கப்பலில் (1620இல் ஆங்கிலேயக் குடியேறிகளைக் கொண்டுவந்தது) வந்த இன்னாரின் வம்சம்” என்று மேலிருந்து கீழே இறங்கி வரப் பார்த்தால், நடுவில் எங்கோ ஆசை வந்து தாளின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பின்னோக்கிப் போகும்போது கைகொடுப்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. 72 வருடம் கழித்தே தனிநபர் விவரங்களை வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. 1880 கணக்கில்தான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதல்முறை எழுதினார்கள். 1850, 1860, 1870 கணக்குகளில் பேரும் வயதும் பிறந்த மாநிலமும் இருக்கும், உறவு இருக்காது. வீட்டில் ஒரு பெண் பேர் இருக்கிறது என்பதற்காக அவரை மனைவி என்று எழுதிவிடாதீர்கள். தங்கையாக இருக்கலாம், இரண்டாம் தாரமாக இருக்கலாம். 1890 கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்திலும் அதன் பிறகும் அழிந்துபோய்விட்டது. அந்த இருபது வருட இடைவெளியை டவுன் பதிவுகளை வைத்துத்தான் தாண்ட வேண்டும்.

1790 முதல் 1840 வரையான ஆறு கணக்குகளில் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களுக்குள் வெறும் எண்ணிக்கை. அதுவும் வீண் இல்லை. உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளின் வயதைக் கட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். ஒரு ஆண்பிள்ளை கூடுதலாக வந்தால், இன்னும் பேர் தெரியாத ஒரு மகன் இருக்கலாம். முன்னும் பின்னும் பத்து வீட்டுப் பேர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேர் பின்னால் சாட்சியாக, சம்பந்தியாக, காப்பாளராகத் திரும்பத் திரும்ப வருவார்கள்.

படி 2: ஊர் அன்று எந்த ஊராக இருந்தது?

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நான் தடுக்கி நின்றதும் இங்கேதான்.

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் பிறந்த வீட்டை இன்று குவின்சியில் போய்ப் பார்க்கலாம். ஆனால் 1735இல் அவர் பிறந்தபோது குவின்சி என்றொரு டவுனே கிடையாது. அந்த இடம் பிரெய்ன்ட்ரீயின் ஒரு பகுதி. 1792இல்தான் தனியாகப் பிரிந்தது. அடுத்த வருடம் கவுண்டியும் மாறியது. அதுவரை சஃபோக் கவுண்டியில் இருந்தவை 1793இல் உருவான நார்ஃபோக் கவுண்டிக்குள் வந்தன. ஆக, இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நார்ஃபோக் அலுவலகத்தில் 1760ஆம் ஆண்டு உயிலைத் தேடினால் கிடைக்காது. அது சஃபோக் கவுண்டிப் பதிவுகளில் இருக்கும்.

டெடமும் இப்படித்தான். 1636இல் அமைந்தபோது அது பரந்து கிடந்த ஒரு பிரதேசம். மெட்ஃபீல்ட், ரெந்தம், நீடம் என்று பல டவுன்கள் பிற்பாடு அதிலிருந்து கிளைத்தவை. குடும்பம் வீடு மாறாமல் ஒரே நிலத்தில் இருந்திருக்கும், பதிவேடு மட்டும் மூன்று டவுன்களில் இருக்கும். மருமகளின் முன்னோர் ஒருவர் திடீரென்று டெடம் பதிவிலிருந்து மறைந்தார். வேறெங்கோ குடிபெயர்ந்துவிட்டார் என்று எண்ணி ஒரு மாதம் அலைந்தேன். மனிதர் நகரவே இல்லை. எல்லைதான் நகர்ந்திருந்தது.

அதனால் ஒரு தாளில் ஊரின் பேர், பிரிந்த ஆண்டு, தாய் ஊர், அந்தந்தக் காலத்துக் கவுண்டி என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு மேசை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.

எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நிலப்பத்திரம் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களில் கவுண்டியில் இருக்கும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மாநிலங்களில் டவுன் அலுவலகத்திலேயே இருக்கும். உயில் ரோட் ஐலண்டில் டவுனில், மாசசூசெட்ஸில் கவுண்டியில்.

படி 3: தேதியை நம்புவதற்கு முன்

1752க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் வருடம் பிறந்தது மார்ச் 25இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை எல்லாம் பழைய வருடத்தின் வால். ஆண்டு சித்திரையில் பிறப்பதும் பங்குனியில் முடிவதும் நமக்குப் பழக்கமானதுதானே. அந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் வராது. 1715 ஏப்ரலில் கல்யாணம், 1715 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவேட்டில் இருந்தால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி கல்யாணத்துக்குப் பத்து மாதம் கழித்து வருவது. சில எழுத்தர்கள் இரண்டையும் சேர்த்து 1715/16 என்று எழுதினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

“முதல் மாதம்” என்று எண்ணால் எழுதியிருந்தால் 1752க்கு முன் அது மார்ச், ஜனவரி இல்லை. இரண்டாம் மாதம் ஏப்ரல். குவேக்கர் மதப் பிரிவினர் மாதப் பேர்களே எழுதாமல் எண்ணால்தான் எழுதினார்கள். 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று ஆக்கிப் பதினோரு நாளைத் தள்ளினார்கள். நான் சொல்வது: பதிவேட்டில் உள்ள தேதியை உள்ளபடியே எழுதுங்கள், உங்கள் கணக்கைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். திருத்தி எழுதினால் பின்னால் வருபவர் மறுபடியும் ஒருமுறை திருத்திவிடுவார்.

படி 4: டவுன் புத்தகங்கள்

மாசசூசெட்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்று 1639லேயே ஆணை வந்துவிட்டது. எல்லா எழுத்தரும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்தக் காலத்துக்கு இவ்வளவு பதிவு இருப்பதே பெரிய கொடுப்பினை. மாநில அளவிலான பதிவு 1841இல் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றைப் பல டவுன்களுக்கு “1850 வரை” என்ற பேரில் அச்சிட்டிருக்கிறார்கள். கனெக்டிகட்டுக்கு பார்பர் தொகுப்பு, ரோட் ஐலண்டுக்கு ஆர்னால்ட் தொகுப்பு.

இந்த அச்சுப் புத்தகங்களில் பேர் பக்கத்தில் சி.ஆர். என்றிருந்தால் தேவாலயப் பதிவிலிருந்து எடுத்தது, ஜி.ஆர். என்றால் கல்லறைக் கல்லிலிருந்து, பி.ஆர். என்றால் குடும்ப பைபிள் போன்ற தனியார் குறிப்பிலிருந்து. இதைக் கவனிக்காமல் நகலெடுப்பவர்களே அதிகம். இன்னொன்று, அச்சில் எல்லாவற்றையும் அகரவரிசையாக்கிவிட்டார்கள். மூலப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர்கள் அந்த ஊருக்கு வந்த பிறகு மொத்தமாகச் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். மூத்த பிள்ளைகள் வேறு ஊரில் பிறந்திருக்கலாம். அச்சுப் புத்தகம் இதைச் சொல்லாது. அதனால் அச்சில் கண்டுபிடித்ததும் மூலப் படத்துக்குப் போய்விடுங்கள்.

திருமணத்துக்கு முன் “இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார்” என்று அறிவிப்பு வைப்பார்கள். பெண், மாப்பிள்ளை இரண்டு பேரின் ஊரிலும் அது பதிவாகும். பெண்ணின் ஊர் தெரியாதபோது இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் அறிவிப்பு வேறு, கல்யாணம் வேறு, நின்றுபோனவையும் உண்டு.

டவுன் கூட்டக் குறிப்புகளையும் விடாதீர்கள். வேலி பார்க்க யாரை நியமித்தார்கள், பன்றி மேற்பார்வைக்கு யார், சாலை போட யார் என்று வருடா வருடம் எழுதியிருப்பார்கள். ஒரு மனிதரின் பேர் எந்த வருடம் வந்து எந்த வருடம் நின்றது என்பதே ஒரு தகவல். மாட்டுக்காதில் வெட்டிய அடையாளங்களையும் டவுன் புத்தகத்தில் பதிந்தார்கள். தகப்பன் அடையாளம் மகனுக்குப் போவதும் உண்டு. பிறப்புப் பதிவு இல்லாத இடத்தில் அப்படி ஒரு வரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 5: தேவாலயப் பதிவேடு

ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பிறந்த நாளாக எழுதாதீர்கள். நியூ இங்கிலாந்துச் சபைகளில் பெற்றோர் உறுப்பினராகிற வரை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்காமல் இருக்கும். தாய் சேர்ந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். வேறு ஊருக்குப் போகும் உறுப்பினருக்கு அந்த ஊர்ச் சபைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். “இன்ன ஊர்ச் சபைக்கு விடுவிக்கப்பட்டார்” என்ற ஒரு வரி, தொலைந்துபோன குடும்பத்தை மறுபடி கையில் கொடுத்துவிடும்.

படி 6: உயிலும் நிலமும்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. என் தொழிலே இதுதானே.

உயில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் கோப்பில்தான் சிலசமயம் சரக்கு அதிகம். சொத்துப் பட்டியலில் இரும்புச்சட்டி, மெத்தை, பாதிப் பசு வரை மதிப்புப் போட்டு எழுதியிருப்பார்கள். பங்கீட்டுத் தாளில் எல்லா வாரிசுகளும் வருவார்கள், மணமான பெண்கள் கணவன் பேரோடு. காலனிக் கால மாசசூசெட்ஸில் உயிலில்லாச் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. யாருக்கு இரட்டை போயிருக்கிறது என்று பார்த்தால் மூத்தவர் யார் என்று தெரிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த தாளும் உண்டு. பதினான்கு வயது முடிந்த பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அதிலிருந்து வயதைக் கணிக்கலாம். காப்பாளர் தாயின் சகோதரனாக, அதாவது மாமனாக இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துத் தேடுங்கள். தாயின் பிறந்தவீட்டுப் பேர் அங்கிருந்து கிடைக்கக்கூடும்.

விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமை. அதை அளந்து கொடுத்த தாளைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டின் கிழக்கு அறை, நிலவறையில் ஒரு பகுதி, அடுப்பில் ரொட்டி சுடும் உரிமை, கிணற்றுக்குப் போய்வரும் வழி என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது. அந்த அம்மா எந்தக் கதவு வழியாகப் போய்த் தண்ணீர் எடுத்தார் என்பது இருநூற்றைம்பது வருடம் கழித்து நமக்குத் தெரிகிறது.

நிலப்பத்திரத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு. விற்றவர் பேரில் ஒன்று, வாங்கியவர் பேரில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். ஒருவர் நிலம் விற்றிருக்கிறார், ஆனால் வாங்கிய பத்திரம் இல்லை என்றால், அது பரம்பரையாக வந்திருக்கலாம். நம்மூரில் மூலப் பத்திரம் தேடுகிற மாதிரி பின்னோக்கிப் போக வேண்டும். கணவன் விற்கும்போது மனைவி தன் விதவை உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ குறியோ போடுவார். பல பெண்களின் முதற்பேர் தாளில் வருவது இந்த ஒரே இடத்தில்தான். சக்குபந்தியைப் படியுங்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்பதில் அண்ணன், மாமனார் எல்லோரும் இருப்பார்கள்.

படி 7: ஏழைகளும் படைவீரர்களும்

புதிதாக வந்தவர் வறுமையில் விழுந்தால் டவுன்தான் சோறு போட வேண்டும். அதனால், வந்த குடும்பத்தை “நீங்கள் இந்த ஊரார் இல்லை” என்று முறைப்படி எச்சரித்துப் பதிந்துவைத்தார்கள். படிக்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அந்தத் தாளில் கணவன், மனைவி, பிள்ளைகள் பேர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். நிலமும் உயிலும் இல்லாத ஏழைக் குடும்பத்துக்குப் பல நேரம் அதுதான் ஒரே சாட்சி. எச்சரித்தார்கள் என்பதால் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நிறையப் பேர் அங்கேயே வாழ்ந்தார்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்களுக்கான ஓய்வூதியக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1818 சட்டம் வறிய வீரர்களுக்கு. 1832 சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. 1836 முதல் விதவைகளுக்கும் வழி திறந்தது. கல்யாணத்தை நிரூபிக்க வேறு தாள் இல்லாத கிழவிகள் குடும்ப பைபிளிலிருந்து பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்னும் கோப்புக்குள் இருக்கின்றன.

படி 8: ஒரே பேரில் இரண்டு பேர்

ஒரே டவுனில், ஒரே காலத்தில், ஒரே பேரில் சீனியர், ஜூனியர் என்று இருவர். தகப்பன், மகன் என்று எடுத்துக்கொண்டு நான்கு மாதம் வேலை செய்தேன். அவர்கள் பெரியப்பாவும் தம்பி மகனும். அந்தக் காலத்தில் சீனியர் என்றால் ஊரில் அந்தப் பேருள்ளவர்களில் மூத்தவர் என்பதுதான். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். அவர்களைப் பிரித்துக் காட்டியது பத்திரத்தில் இருந்த மனைவியின் பேரும் சக்குபந்தியும்தான். இப்படி வந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனித் தாள் போட்டு, வருடம், நிலம், மனைவி, பக்கத்து வீட்டார் என்று எழுதுங்கள்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். அன்று கசின் என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். சன் இன் லா என்றால் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். நாம் மகளின் கணவனையும் மருமகன் என்கிறோம், சகோதரி மகனையும் மருமகன் என்கிறோம், அது போலத்தான். மிஸஸ் என்பது மரியாதைப் பட்டம், மணமாகாத பெண்ணுக்கும் வரும். இருபத்தொரு வயதுக்குட்பட்ட யாரும் சட்டத்தில் இன்ஃபன்ட். கல்லறையில் ரெலிக்ட் என்றால் கணவனை இழந்தவர், கான்சார்ட் என்றால் கணவன் இருக்கும்போதே இறந்தவர். “தன் 45ஆம் வயதில்” என்று வெட்டியிருந்தால் முடிந்தது 44தான்.

செல்லப்பேர்களும் ஒரு பெரிய காடு. பாலி என்றால் மேரி, பாட்டி (Patty) என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா, நாபி என்றால் அபிகெயில், ஹிட்டி என்றால் மெஹிட்டபில்.

படி 9: கணினியில் எங்கே தேடுவது

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். மேலே சொன்ன டவுன், நில, உயில் புத்தகங்களில் மிகப் பெரும்பகுதியின் படங்கள் அங்கே உண்டு. கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியே படித்து, அதிலுள்ள எந்தச் சொல்லையும் தேடித்தரும் வசதியும் இப்போது வந்துவிட்டது. சாட்சியாக மட்டும் வந்த ஒருவரையும் அதில் பிடிக்கலாம். சில படங்கள் அவர்களின் மையங்களில் போய்ப் பார்த்தால்தான் திறக்கும். பல பொது நூலகங்களில் அன்செஸ்ட்ரி தளத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் நூலகம் இந்தத் துறைக்குக் கோயில் மாதிரி.

மற்றவர்கள் போட்டுவைத்த வம்ச மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சு நூலாக இருந்தாலும் அப்படியே. குஸ்டாவ் ஆன்ஜூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளிகள் செய்து கொடுத்தார். அவர் சேர்த்த போலிப் பாட்டன்கள் இன்னும் பலருடைய மரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதிவேடு யாரை விட்டுவிட்டது

உள்ளூர்ப் பதிவு நிலமுள்ள வெள்ளை ஆணுக்காக எழுதப்பட்டது. 1850, 1860 கணக்குகளில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் பேரில்லாமல், உடைமையாளரின் பேருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் வருகிறார்கள். 1870 கணக்கில்தான் அவர்கள் எல்லோருக்கும் பேர் வந்தது. அதற்கு முன்னால் போக, உடைமையாளரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கிறது. வடக்கிலும் அடிமைமுறை இருந்தது. தேவாலயப் பதிவில் “வேலையாள்” என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்துத் தாளைத் தேடும்போது அப்படி ஒரு பேர் கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். அதைத் தேடிக்கொண்டு வேறொரு குடும்பம் இருக்கும்.

வர்ஜீனியாவில் ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அப்படி நிலம் வாங்கக் காட்டிய ஆட்களின் பட்டியலில் “டோனி, ஓர் ஈஸ்ட் இந்தியன்” என்று ஒரு பேர் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அவ்வளவு முன்பே ஒரு மனிதர் அங்கே போய் இறங்கியிருக்கிறார் என்று அறிந்த அன்று, மருமகளைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன்.

பேரனின் வரைபடம் இப்போது சுவரில் இருக்கிறது. தாள் இருக்கும் உறவுக்கு மையிலும், ஊகத்துக்குப் பென்சிலிலும் கோடு போடுவது என்று அவனே விதி வைத்தான். 1740களில் ஒரு பாட்டிக்கு முதற்பேர் மட்டும் இருக்கிறது, பிறந்தவீட்டுப் பேர் இல்லை. அவளுக்கு இன்னும் பென்சில் கோடுதான். அடுத்த சனிக்கிழமை பக்கத்து டவுனின் தேவாலயப் பதிவேட்டைப் பார்க்க இரண்டு பேரும் போகிறோம்.